சாலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி: வாசகர் சட்டக் கேள்வி–பதில்

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வரும் கடிதங்களில் இரண்டு சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எந்தப் பக்கத்து அலுவலகத்துக்குப் போவது? கெடுவை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? இந்த இதழுக்குத் தேர்ந்தெடுத்த கேள்விகளில் பெரும்பாலானவை இவற்றைச் சுற்றியே நிற்கின்றன.

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. கடலூர் முதுநகரில் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நான்கு மாதத்துக்கு முன் பாகூர் பக்கம் வேலை முடித்து பைக்கில் திரும்பும்போது, கன்னியக்கோயில் அருகே பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. லாரி புதுச்சேரிப் பதிவு. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு, தகடு வைத்திருக்கிறார்கள். இப்போது குந்தி உட்கார முடியவில்லை, ஏணி ஏற முடியவில்லை. முதலில் போன காவல் நிலையத்தில் "எங்கள் எல்லை இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள்; ஒன்பது நாள் கழித்துத்தான் வழக்குப் பதிவானது. இப்போது ஒருவர் வீட்டுக்கே வந்து, "3 லட்சம் வாங்கித் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார். போடலாமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: போடாதீர்கள் அம்மா. எந்தத் தாளிலும், குறிப்பாக வெற்றுத் தாளிலும் வக்காலத்திலும், படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் சொல்லும் தொகை உங்களுக்குச் சேர வேண்டியதில் எத்தனை பங்கு என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் தேதி. 1.4.2022 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டம் 166(3) பிரிவின்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் பிரிவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவு எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியது, அதை நம்பி நாளைத் தள்ள வேண்டாம். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.

எங்கே தாக்கல் செய்வது? விபத்து நடந்த இடத்தின் தீர்ப்பாயம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தின் தீர்ப்பாயம், எதிர்தரப்பு குடியிருக்கும் இடத்தின் தீர்ப்பாயம் என மூன்றில் எதுவும் உங்கள் விருப்பம். விபத்து புதுச்சேரி எல்லையில், லாரி புதுச்சேரிப் பதிவு என்பதற்காக நீங்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அங்கே போக வேண்டியதில்லை. கடலூரிலேயே போடலாம். நடக்க முடியாத மனிதரை அலைய வைக்காமல் இருப்பதற்காகத்தான் சட்டம் இந்த வசதியைத் தந்திருக்கிறது.

"எங்கள் எல்லை இல்லை" என்ற பதில் 1.7.2024-க்குப் பிறகு செல்லாது. அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். பதிவு செய்துவிட்டு உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்புவார்கள், நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பலாம், அதிலும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ரெட்டிச்சாவடிக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் இடையில் எல்லை எங்கே முடிகிறது என்று அடிபட்டவர் அளந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஒன்பது நாள் தாமதத்தைக் காப்பீட்டு நிறுவனம் நிச்சயம் பிடித்துக்கொள்ளும். "வண்டி பிறகு ஏற்பாடு செய்யப்பட்டது" என்று வாதாடும். இதை முறிப்பது ஒரு சின்னத் தாள். மருத்துவமனையில் சேர்த்த உடனே எழுதும் விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். காப்பி என்பார்கள். அதில் 'எப்படி நடந்தது' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். "அடையாளம் தெரிந்த லாரி மோதி" என்று இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பதற்றத்தில் கூட வந்தவர் "பைக்கிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லி, அப்படியே "சறுக்கி விழுந்தது" என்று எழுதப்பட்டிருந்தால் மனு அந்த ஒரு வரியில் ஆட்டம் காணும். எழுதியதை மருத்துவமனை பின்னால் மாற்றித் தராது. அப்படியானால் நேரில் பார்த்த சாட்சி, லாரியின் மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, சம்பவ இட வரைபடம் இவற்றைக் கொண்டு ஈடுகட்ட வேண்டும். கூட வந்தவர் என்ன சொன்னார், யாரிடம் சொன்னார் என்பதையும் சாட்சியத்தில் விளக்க வேண்டியிருக்கும்.

இனிக் கணக்கு. மாத வருமானம் 15,000 என்று நிரூபித்ததாக வைத்துக்கொள்வோம். சுயதொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால வளர்ச்சிக்கு 40% கூட்ட வேண்டும் (பிரணய் சேத்தி வழக்கு, உச்ச நீதிமன்றம், 2017). ஆக 21,000. ஆண்டுக்கு 2,52,000. 36 முதல் 40 வயது வரை பெருக்கெண், அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 15 (சர்லா வர்மா வழக்கு, 2009). மொத்தம் 37,80,000. இதில் உழைக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதோ அதுதான் வருமான இழப்பு. 20% என்று முடிவானால் 7,56,000. 40% என்றால் 15,12,000. இதற்கு மேல் மருத்துவச் செலவு, படுக்கையில் இருந்த மாதங்களின் வருமானம், துணைக்கு இருந்தவர் செலவு, ஆட்டோ, ஆம்புலன்ஸ், வலிக்கும் வேதனைக்கும், தகட்டை எடுக்கப் பின்னால் ஆகும் செலவு எல்லாம் தனி. மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு.

ஆகவே வழக்கின் உயிர் அந்தச் சதவீதத்தில் இருக்கிறது. மருத்துவக் குழு காலுக்கு மட்டும் ஒரு சதவீதம் கொடுக்கும். அது வேறு, தொழில் இழப்பு வேறு என்று ராஜ் குமார் – அஜய் குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பிரித்தது. மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு முழங்கால் மடங்காதது ஒரு தொல்லை. கிரில் கேட்டின் கீழ்ப் பட்டையைக் குந்தி உட்கார்ந்து பற்றவைப்பவருக்கு அது தொழிலையே பாதி பறிப்பது. உங்கள் கணவர் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக, எந்த நிலையில் உட்கார வேண்டும், எவ்வளவு உயரம் ஏற வேண்டும், எத்தனை கிலோ தூக்க வேண்டும் என்று வாக்குமூலத்தில் எழுதச் சொல்லுங்கள். "வேலை செய்ய இயலவில்லை" என்று ஒற்றை வரியில் முடித்துவிடும் மனுக்களுக்குத்தான் தொகை குறைகிறது.

வருமானத்துக்குச் சான்று இல்லை என்று கைவிட வேண்டாம். உத்யம் பதிவு (சிறுதொழில் பதிவு), பட்டறையின் மின் கட்டண ரசீது, கம்பி வாங்கிய பில்கள், ஜிபே வரவுகள் தெரியும் வங்கி ஸ்டேட்மென்ட், வாடிக்கையாளருக்குக் கொடுத்த கொட்டேஷன் எல்லாமே உதவும். எதுவுமே இல்லாவிட்டால் தீர்ப்பாயம் ஒரு தொகையை அனுமானமாக எடுத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. தவறு யாருடையது என்று பார்க்காமல் தரும் மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவுத் தொகை (மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம்) கைக்கு எளிதாக எட்டுவது போலத் தெரியும். அதைச் சமரச முறையில் பெற்றுக்கொண்டால் உங்கள் 166 மனு காலாவதியாகிவிடும். வீட்டுக்கு வருகிறவர் கேட்கும் கையெழுத்து இதற்காகவும் இருக்கலாம். லாரி ஓட்டுநரிடம் எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமம் மட்டுமே இருந்தது என்று காப்பீட்டு நிறுவனம் சொன்னால், வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் என்றால் அந்த உரிமமே போதும் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

வக்கீல் கட்டணம் கவலையாக இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மாற்றுத்திறனாளிக்கும் பெண்ணுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

கேள்வி: இடித்த வண்டி எது என்றே தெரியவில்லை. ஒன்றும் கிடைக்காதா?
– வாசகர், தவளக்குப்பம்

பதில்: கிடைக்கும், கொஞ்சம்தான். இடித்துவிட்டுத் தப்பிய வண்டி விபத்துகளுக்கு 1.4.2022 முதல் மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000-மும் தருகிறார்கள். இதில் மட்டும் இடம் விபத்து நடந்த பகுதிதான், உங்கள் ஊர் அல்ல. அந்தப் பகுதியின் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையிலுள்ள கோரிக்கை விசாரணை அதிகாரியிடம் படிவம் 1-ல் மனு கொடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர்., மருத்துவச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, வங்கிக் கணக்கு நகல் வேண்டும். ஒரு மாதம் தேடியும் வண்டி தெரியவில்லை என்றால், இப்படியொரு திட்டம் இருப்பதைக் காவல் நிலையமே உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

கேள்வி: பண்ருட்டி பக்கம் எங்கள் குடும்பத்துக்கு 4 ஏக்கர் முந்திரி, பலா உள்ள நிலம். அப்பா 1998-ல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மா இருக்கிறார். அண்ணன், தம்பி, நான் என மூன்று பிள்ளைகள். எனக்கு 1985-ல் கல்யாணம். "உனக்குச் சீர் செய்தாயிற்று, 2001-லேயே கூர்சீட்டு (பங்குச் சீட்டு) எழுதிப் பிரித்துப் பட்டாவும் மாற்றிவிட்டோம்" என்கிறார்கள். எனக்குப் பங்கு உண்டா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: உண்டு. எவ்வளவு என்பதுதான் நிலம் அப்பாவுக்கு எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. பலரும் எல்லாவற்றையும் 'பூர்வீகம்' என்று சொல்லிவிடுகிறார்கள், அங்கேதான் கணக்கு பிசகுகிறது.

அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கிய சுயார்ஜிதம் என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். 1956-ல் வந்த அந்தச் சட்டப்படியே மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. நீங்கள் நான்கு பேர், ஆளுக்கு 1 ஏக்கர். கல்யாணம் எந்த வருடம் ஆனது என்பதற்கு இதில் இடமே இல்லை. சீர் செய்ததைப் பங்குக்கு ஈடாகச் சட்டம் பார்ப்பதில்லை.

தாத்தா வழி வந்த கூட்டுக்குடும்பச் சொத்து என்றால், மகள்களுக்கும் பங்கு தந்த தமிழ்நாட்டின் 25.3.1989 திருத்தம் அந்தத் தேதிக்கு முன் மணமான மகள்களை விட்டுவிட்டது. அதனால்தான் உங்கள் அண்ணன் 1985-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறார். 9.9.2005 மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் வினீதா சர்மா வழக்கில் 11.8.2020 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது: வேண்டியதில்லை, மகளுக்கும் பிறப்பால் உரிமை. இந்தக் கணக்கில் அப்பா, பிள்ளைகள் மூவர் என நால்வருக்கும் கால் பங்கு. அப்பாவின் கால் பங்கு அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் நாலாகப் பிரியும். உங்களுக்கு 16-ல் 5 பங்கு, அதாவது 1 ஏக்கர் 25 சென்ட். அம்மாவுக்கு 25 சென்ட்.

இனி அந்தக் கூர்சீட்டு. 20.12.2004-க்கு முன் பதிவு செய்த பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ பிரித்திருந்தால் மட்டுமே அது மகளைத் தடுக்கும். பதிவு செய்யாத கூர்சீட்டு அந்த வகையில் சேராது. வாய்மொழிப் பாகப்பிரிவினை என்ற வாதத்தை, பொது ஆவணங்கள் உறுதியாகத் துணை நின்றால் மட்டும், அதுவும் அபூர்வமாகவே ஏற்க முடியும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அவர்கள் பட்டா மாற்றத்தை அப்படித்தான் காட்டுவார்கள். ஆகவே கூர்சீட்டின் நகலை எப்படியாவது பெற்று, ஒரு சொல்லைத் தேடுங்கள். "இன்று பிரித்துக்கொள்கிறோம்" என்றால் அதுவே பிரிவினைப் பத்திரம். பதிவு செய்யாததால் பிரிந்ததற்குச் சாட்சியமாக எடுபடாது. "முன்னமே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதை நினைவுக்காக எழுதுகிறோம்" என்று இருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் கால் ஊன்ற இடம் உண்டு. உங்கள் கையெழுத்தோ அம்மாவின் கையெழுத்தோ அதில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உங்களை விட்டுவிட்டுப் போட்ட கூர்சீட்டு அப்பாவின் பங்கில் உங்களுக்குள்ள வாரிசுரிமையைத் தொடாது.

பட்டா உரிமையைத் தருவதில்லை. வரி கட்ட வேண்டியவர் யார் என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவு அது. இருந்தாலும் நாள் கடத்தாதீர்கள். கூட்டுக்குடும்பச் சொத்தில் 'உனக்குப் பங்கில்லை' என்று ஒதுக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டு என்பது கெடு. அண்ணன் உங்களிடம் அப்படி எப்போது முதன்முதலில் சொன்னார் என்பதை இன்றே குறித்து வையுங்கள். வழக்குக்கு முன் எடுக்க வேண்டியவை: வில்லங்கச் சான்று (கணினியில் உள்ள காலத்துக்கு ஆன்லைனிலேயே பார்க்கலாம், பழையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மேனுவல்), யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) காலத்து 'அ' பதிவேடு நகல், தாய்ப் பத்திரம், உங்கள் பெயரும் உள்ள வாரிசுச் சான்று. 20.12.2004-க்கு முன்பே வெளியாருக்கு விற்றுவிட்ட பகுதி ஏதேனும் வில்லங்கத்தில் தெரிந்தால், 2005 திருத்தத்தைக் காட்டி அதைத் திரும்பக் கேட்க முடியாது.

நிலம் பாகூரிலோ வில்லியனூரிலோ இருந்திருந்தால் பதில் மாறியிருக்கும். புதுச்சேரியின் வழக்காற்று இந்துச் சட்டத்தில் அப்பா இருக்கும்வரை மகனுக்கே பிறப்புரிமை கிடையாது, அப்பாதான் முழு உரிமையாளர். இந்து வாரிசுரிமைச் சட்டம் அங்கே 1.10.1963-ல்தான் வந்தது. 1881 பிரெஞ்சு ஆணையின்படி தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்த ரெனோன்சான் குடும்பங்களுக்கு அது இன்றும் பொருந்தாது, அவர்களுக்குப் பிரெஞ்சு உரிமையியல் சட்டம்தான். தாத்தா காலத்து நொத்தேர் (நோட்டரி) பத்திரம் பிரெஞ்சில் இருந்தால், சான்றிட்ட மொழிபெயர்ப்பை முதலில் எடுத்துக்கொண்டு, குடும்பம் எந்த வகை என்று தெரிந்த பிறகே பங்கைப் பேசுங்கள்.

கேள்வி: 71 வயதாகிறது. 2019-ல் மகனுக்கு வீட்டைத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். "அன்பின் பேரிலும் ஆதரவின் பேரிலும்" என்றுதான் இருக்கிறது, என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதவில்லை. இப்போது மாடிப்படிக்குக் கீழ் உள்ள அறையில் தனியாகச் சமைத்துக்கொள்கிறேன். நானே பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நீங்களே தனியாகச் சார்பதிவாளரிடம் போய் ரத்துப் பத்திரம் எழுதுவது நிற்காது. அதற்குச் செலவு செய்ய வேண்டாம். உங்களுக்குரிய வழி பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23. கடலூர்க் கோட்டத்துக்கு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள பராமரிப்புத் தீர்ப்பாயம்தான் அதை விசாரிக்கும். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும்.

பத்திரத்தில் நிபந்தனை இல்லையே என்ற உங்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. 2022 டிசம்பரில் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நிபந்தனையை நிரூபிக்க வேண்டும் என்றது. ஆனால் 2.1.2025 அன்று ஊர்மிளா தீட்சித் வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்கு உதவும் வகையில் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும், வீட்டைத் திரும்ப ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், "அன்பு, ஆதரவு" என்ற சொல்லிலேயே பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்றது. உங்கள் பத்திரத்தில் இருப்பதும் அதே சொற்கள்தான்.

மனுவில் இரண்டையும் கேளுங்கள்: பத்திரத்தைச் செல்லாததாக அறிவிப்பது, மாதப் பராமரிப்பு (சட்டத்தில் உச்சவரம்பு 10,000). சாட்சியம் உங்கள் அறையிலேயே இருக்கிறது. தனி அடுப்பின் புகைப்படம், நீங்களே வாங்கிய மருந்து பில்கள், மகனிடமிருந்து ஒரு வரவும் இல்லாத வங்கிப் புத்தகம், முன்பு கொடுத்த புகார் ரசீது. மனு போடுவதற்கு முந்தின நாள் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வீடு அடமானத்திலோ வேறொருவர் பெயரிலோ போயிருந்தால் அவர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிடுவதால்தான் நல்ல மனுக்கள் திரும்பி வருகின்றன.

இனி எழுதப் போகிறவர்களுக்கு: குடும்பத்துக்குள் செட்டில்மெண்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1%, அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000. இந்தச் செலவில் இரண்டு வரி சேர்ப்பதற்குக் கூடுதலாக எதுவும் ஆகாது. "என் ஜீவியகாலம் வரை மேற்படி வீட்டில் குடியிருந்து வாடகையும் பெற்று அனுபவிக்கும் உரிமை எனக்கே" என்பது ஒன்று. "என் உணவு, மருத்துவம், அடிப்படைத் தேவைகளைச் செய்து தருவது இதன் நிபந்தனை" என்பது இன்னொன்று. எழுத்தர் வழக்கமாகச் சேர்க்கும் "இதைப் பின்னிட்டு ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை" என்ற வரியைப் படித்துப் பார்க்காமல் விடாதீர்கள்.

கேள்வி: பி.ஒய்.-01 பதிவு பைக்கை இரண்டு வருடத்துக்கு முன் கடலூர்க்காரருக்கு விற்றேன். பெயர் மாற்றவில்லை. அவர் யாரையோ இடித்துவிட்டார், தீர்ப்பாய நோட்டீஸ் எனக்கு வந்திருக்கிறது.
– வாசகர், வில்லியனூர்

பதில்: நோட்டீஸை ஒதுக்கி வைத்தால் நீங்கள் இல்லாமலே உத்தரவாகிவிடும். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று நவீன் குமார் வழக்கில் (2018) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் உங்களைக் காப்பாற்றக்கூடியது, விபத்து நாளில் மூன்றாம் நபர் காப்பீடு இருந்ததா என்பது. இருந்தால், பாலிசி உங்கள் பெயரிலேயே இருந்தாலும் நிறுவனம் கட்ட வேண்டும். பாலிசி எண்ணைத் தேடி எடுத்து, நிறுவனத்தையும் வாங்கியவரையும் வழக்கில் சேர்க்க மனு போடுங்கள். பணம் வாங்கிய வங்கி வரவு, வாட்ஸ்அப் பேச்சு, டெலிவரி நோட் இருந்தால் வாங்கியவரிடமிருந்து பின்னால் வசூலிக்க உதவும்.

விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அந்தத் தாள்கள் மூன்று கை மாறி எங்கோ டிராயரில் கிடக்கும். வாங்குபவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் நிரப்பிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதே மாநிலம் என்றால் 14 நாளில், வேறு மாநிலம் என்றால் 45 நாளில் விற்றவர் தெரிவிக்க வேண்டும். பி.ஒய்.-01 வண்டி டி.என்.-31-க்குப் போக வேண்டுமானால் படிவம் 28 தடையில்லாச் சான்றும் வேண்டும். அந்த வேலை முடியாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் பீரோவுக்குள் தண்ணீர் ஏறி வீட்டுப் பத்திரம் நனைந்து ஒட்டிவிட்டது, தாய்ப் பத்திரம் கிடைக்கவே இல்லை. இப்போது வீட்டை விற்க வேண்டும்.
– வாசகர், கடலூர்

பதில்: நனைந்த பத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதிவு எண்ணும் முத்திரையும் படிக்க முடிந்தால் அதுவே அசல். வெயிலில் போடவோ இஸ்திரி போடவோ வேண்டாம். பக்கங்களுக்கு இடையில் மை உறிஞ்சும் தாள் வைத்து நிழலில் காய வையுங்கள், பிறகு வண்ணத்தில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் போட வேண்டாம், முத்திரையைச் சோதிக்க முடியாமல் போகும்.

தொலைந்த தாய்ப் பத்திரத்துக்கு, பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுங்கள். எண்ணும் ஆண்டும் மறந்திருந்தால் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்றில் பிடித்துவிடலாம். பதிவுச் சட்டம் 57(5)-ன்படி, அசலில் என்ன இருந்தது என்பதை நிரூபிக்க அந்த நகல் ஏற்கத்தக்கது. அடுத்து காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் அறிவிப்பு, பிறகு 'கண்டறிய இயலவில்லை' என்ற சான்று. தமிழ்நாட்டுப் பதிவு விதிகளின் 55-ஏ, முந்தைய அசல் இல்லாமல் பதிவை மறுக்க அனுமதித்தது. கே. கோபி வழக்கில் 7.4.2025 அன்று உச்ச நீதிமன்றம், உரிமை மூலத்தை ஆராய்வது சார்பதிவாளர் வேலையல்ல என்று அந்த விதியை ரத்து செய்தது. அந்த மாதமே, அசல் காட்ட வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே சேர்க்கும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆகவே தீர்ப்பை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், சான்றையும் வாங்கி வையுங்கள். வாங்குபவரின் வங்கி எப்படியும் அதைக் கேட்கும்.

பத்திரம் உங்கள் வீட்டில் இல்லாமல், கடன் கொடுத்த வங்கியிடம் தொலைந்திருந்தால் கதையே வேறு. 1.12.2023 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, கடன் முழுதும் அடைத்த 30 நாளில் அசலைத் தர வேண்டும். தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். தொலைந்துவிட்டால் சான்றிட்ட நகல் எடுக்க உதவுவதும் அதன் செலவும் வங்கியுடையது. அதற்காகக் கூடுதலாக 30 நாள் அவர்களுக்கு உண்டு. கடன் முடிந்த தேதியிட்ட கடிதத்தை மறக்காமல் வாங்குங்கள், நாள் எண்ணுவது அதிலிருந்துதான்.

கேள்வி: புதுச்சேரிக்காரர் கொடுத்த செக் திரும்பிவிட்டது. என் கணக்கு கடலூரில். எங்கே வழக்குப் போடுவது?
– வாசகர், செம்மண்டலம்

பதில்: உங்கள் கணக்கு உள்ள கிளை எந்த நீதிமன்ற எல்லையில் இருக்கிறதோ அங்கே. ஆகவே கடலூரிலேயே போடலாம். செக் திரும்பியதாக வங்கி தரும் மெமோ பற்றித் தெரிந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு 15 நாள், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். மெமோ மார்ச் 3 என்றால் நோட்டீஸ் ஏப்ரல் 2-க்குள் போக வேண்டும். மார்ச் 20-ல் அவர் கைக்குக் கிடைத்தால் ஏப்ரல் 4 வரை அவருக்கு அவகாசம். மே முதல் வாரத்தை எட்டவிடாமல் ஏப்ரலுக்குள்ளேயே புகாரைக் கொடுத்துவிடுங்கள். இடையில் அவர் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தால், முழுத் தொகைக்கு அந்தச் செக்கை அப்படியே போடாதீர்கள். கொடுத்ததைச் செக்கிலேயே குறித்து மீதிக்கு மட்டும் போட வேண்டும், இல்லையேல் வழக்கு நிற்காது (தஷ்ரத்பாய் வழக்கு, உச்ச நீதிமன்றம், 2022). பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைந்துவிட்டது. கவுண்டரில் 'பதிவு' சேவையையும் சேர்த்துக் கேளுங்கள், பெறுநர் கையிலேயே போய்ச் சேரும். டெலிவரி விவரம் தெரியும் டிராக்கிங் பக்கத்தை அன்றே அச்செடுத்து ரசீதோடு பின் போட்டு வையுங்கள்.